நான் கொடுத்த கார்

எங்கள் ஆட்கள் பழைய காரை ஸ்க்ராப்புக்குப் போடுவதில்லை. நாட்டிலிருந்து புதிதாக வந்த யாருக்காவது கொடுப்பார்கள். தொண்ணூற்றிரண்டில் நான் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஐந்து பேரோடு ஒரே அறையில் கிடந்த காலத்தில் எனக்கும் ஒரு அண்ணை அப்படித்தான் ஒரு கார் தந்தார். ஹீற்றர் வேலை செய்யாது. ஒரு கதவு திறக்காது. ஆனாலும் அந்த அண்ணையை இன்றைக்கும் எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும் எழுந்து நின்றுதான் கதைப்பேன். அந்த மரியாதைக்கு நானும் ஆசைப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாள் ஒளித்தது போதும்.

என்னுடைய கார் பதினேழு வயதுக் கார். ஒவ்வொரு மாரிக்கும் றோட்டில் கொட்டுகிற உப்பு அதை அடியிலிருந்து தின்றுகொண்டே வந்தது. பின் சில்லுகளுக்கு மேலே கறள் பிடித்து, தகரம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "உதைக் கொண்டுபோய்த் துலையுங்கோ, குலசிங்கம் எண்டால் உந்தக் கார்தான் எண்டு சனம் சிரிக்குது" என்று என் மனைவி இராஜேஸ்வரி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதாலேயே நான் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

போன நவம்பரில் சில்லு மாற்ற மாக்கஸிடம் கொண்டுபோனேன். மாக்கஸ் மன்னார்க்காரன். வோபர்னில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பிளாசாவுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கிறான். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் வாய் இனிக்காது. காரை உயர்த்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ."

சின்னச் சுத்தியலால் பின்பக்கத்தில் ஒரு இடத்தைத் தட்டினான். தட்டினான் என்றுகூடச் சொல்லமுடியாது, தொட்டான். சுத்தியல் உள்ளே போய்விட்டது. மண்ணிறத் தூள் அவனுடைய தொப்பியில் கொட்டியது.

"இதிலதான் பின் ஸ்பிறிங் ஊண்டி நிக்குது. இது பிஞ்சா சில்லு மடங்கும். ஹைவேயில மடங்கினா, பிறகு கார் உங்கட சொல்லுக் கேக்காது."

"எப்ப பிய்யும்?"

"நான் என்ன சாத்திரியே? நாளைக்கும் பிய்யலாம், ஆறு மாசத்தாலயும் பிய்யலாம்."

"வெல்ட் பண்ணேலாதோ?"

"வெல்ட் பிடிக்கிறதுக்கு இரும்பு இருக்கோணும் அண்ணை. ஸ்க்ராப்புக்குப் போடுங்கோ. இந்தக் கார் ஓடலாம் எண்டு நான் சேஃப்றி எழுதித் தரமாட்டன். வேற ஆரும் தந்தா அவனோடயும் கதைக்கமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுவான். உள் றோட்டாலேயே மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவந்தேன். வாசலில் நின்ற இராஜேஸ்வரி, "என்னவாம்?" என்றாள். "சின்ன வேலைதானாம். செய்திட்டான். மாக்கஸ் ஓகே எண்டிட்டான்" என்றேன். அந்தப் பொய்க்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் சொன்னது சரி என்று அவளுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பரில் புதுக்கார் வேண்டினோம். பழையது வீட்டு முன்னால் பனியில் மூடிக்கிடந்தது. அதை ஸ்க்ராப்புக்குத்தான் கொடுத்திருப்பேன், சத்தியமாக. அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கை போன் எடுத்துவிட்டாள்.

அவளுடைய மகன் ராகுலன் அதற்கு முந்திய வசந்தத்தில்தான் மனைவி நிலாணியோடும் ஐந்து வயது மகள் கவிசாவோடும் இங்கே வந்திருந்தான். வோபர்னிலேயே ஒரு பேஸ்மென்றில் இருக்கிறார்கள். வேலையோ மிசிசாகாவில், ஒரு பாண் தொழிற்சாலையில். பஸ், சப்வே, பிறகும் பஸ் என்று போக இரண்டேகால் மணித்தியாலம், வர இரண்டேகால். காலமை ஆறு மணி ஷிப்ட் கிடைத்தால் அந்த நேரத்துக்குப் போய்ச்சேர பஸ்ஸே இல்லை.

"பிள்ளை தேப்பனை ஞாயிற்றுக்கிழமையிலதான் காணுதாம் அண்ணா. ஒரு பழைய காரெண்டாலும் பாத்துக் குடுங்கோவன்" என்றாள் தங்கை.

"பாக்கிறதென்ன, என்ர காரையே குடுக்கிறன்" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. தங்கை அந்தப் பக்கம் அழத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? மாற்றிச் சொல்லலாம். "அது உக்கின கார், வேற பாக்கிறன்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. ஆறு மாதம் நிற்கும் என்று மாக்கஸும் சொன்னான்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். 'நாளைக்கும் பிய்யலாம்' என்று அவன் சொன்ன மற்றப் பாதியை வசதியாக மறந்துவிட்டேன்.

பேர் மாற்றுவதென்றால் சேஃப்றி வேணும். பேர் மாற்றாமல் என் பேரிலேயே வைத்து, இன்சூரன்சில் அவனை இரண்டாம் ஆளாகச் சேர்த்துவிட்டால் ஒருவனும் காரின் அடியைப் பார்க்கப்போவதில்லை. இந்தக் கெட்டித்தனம் எனக்குச் சட்டென்று வந்தது. ஒரு சனிக்கிழமை இராஜேஸ்வரி கடைக்குப் போன நேரம் காரை எங்கள் வீட்டுக் கராஜுக்குள் விட்டுப் பூட்டிக்கொண்டு அடியில் படுத்து, மாக்கஸின் சுத்தியல் போன இடத்தில் பழைய துணியை அடைத்து, அதற்குமேல் கறுப்புத் தார் ஸ்ப்ரேயை இரண்டு ரின் அடித்தேன். பார்க்கப் புதிதுபோல இருந்தது. உள்ளே, முன் சீற்றுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில், கையகல ஓட்டை ஒன்றும் இருந்தது. முன்வீடு விற்றபோது புல்லில் நட்டிருந்த ரியல் எஸ்ரேற் போர்ட் ஒன்று காற்றில் எங்கள் பக்கம் வந்து கராஜில் கிடந்தது. அதில் எங்கள் ஆள் ஒருவர் ரை கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கத்தியால் அவரை அளவாக வெட்டி ஓட்டையின் மேல் வைத்து, கார்ப்பெற்றைப் போட்டு மூடினேன்.

பொங்கலன்று எங்கள் வீட்டில் முப்பது பேருக்கு முன்னால், வெற்றிலையும் பூவும் வைத்த தட்டத்தில் காரின் திறப்பை வைத்துக் கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ராகுலன் காலில் விழுந்தான். கவிசா ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "கார்த் தாத்தா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். அந்த நேரம் எனக்குக் கறள் நினைவில் இல்லை. நான் எவ்வளவு நல்லவன் என்பதுதான் நினைவில் இருந்தது.

அடுத்த நாளே பயம் பிடித்துக்கொண்டது. இரண்டரைக்கு அவனுடைய ஷிப்ட் முடியும். மூன்றேகாலிலிருந்து என்னால் ஒரு இடத்தில் இருக்கமுடியாது. வேலையில் நின்றாலும் ஒதுங்கிப்போய் போன் எடுப்பேன். "வந்திட்டியோ, தம்பி?" "ஓம் மாமா, வந்திட்டன்." அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பேன். பனி கொட்டுகிற நாளில் இரண்டு தரம் எடுப்பேன். "மாமா ஒவ்வொரு நாளும் விசாரிக்கிறார், அப்பாகூட இப்பிடி விசாரிச்சதில்லை" என்று அவன் தாயிடம் சொல்லியிருக்கிறான். அவள் அதை எனக்குச் சொல்லிப் பூரித்தாள். நான் "உம்" என்றேன். பனி கரையட்டும், சொல்லுவோம். அவனுக்கு வேலை நிரந்தரமாகட்டும், சொல்லுவோம். இப்படியே மார்ச் வந்துவிட்டது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை பத்தரை மணிக்கு அந்தக் கார் வாசலில் வந்து நின்றது. ராகுலன் வேட்டி கட்டியிருந்தான். நிலாணி சேலை. கவிசா பட்டுப்பாவாடைக்கு மேல் தடித்த ஜக்கெற்.

"மாமா, வேலை பெர்மனென்ற் ஆக்கிட்டாங்கள். காருக்கு இன்னும் பூசை செய்யேல்லை எல்லே, ரிச்மண்ட் ஹில் கோயிலில பதினொண்டரைக்குச் சொல்லி வச்சிருக்கிறன். நீங்களும் மாமியும்தான் முன்னுக்கு நிக்கோணும். வெளிக்கிடுங்கோ."

"அப்ப என்ர காரில போவம் தம்பி. இடமும் கூட" என்றேன்.

"காருக்குத்தானே மாமா பூசை!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இராஜேஸ்வரி ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "ராஜி, உமக்கு முழங்கால் நோ எல்லே, நீர் நில்லும்" என்றேன். என்ன பைத்தியமோ என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு அர்ச்சனைத் தட்டோடு போய் ஏறினாள். பின் சீற்றில் ஒருபக்கம் நிலாணி, நடுவில் கவிசா தன் குட்டி ஆசனத்தில், மற்றப்பக்கம் இராஜேஸ்வரி. மூன்று பேரும் ஏறியபோது கார் பின்பக்கம் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். இராஜேஸ்வரி இருந்த மூலைக்கு நேர்கீழேதான் மாக்கஸ் சுத்தியலை வைத்த இடம்.

"உள் றோட்டால போவம் தம்பி, ஹைவே சனமாயிருக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை என்ன சனம் மாமா? அரை மணித்தியாலத்தில போயிடலாம். பூசைக்குப் பிந்தக்கூடாது."

மார்க்கம் றோட்டால் ஏறி 401 ஹைவேயில் சேர்ந்தான். வேக முள்ளு எண்பது, நூறு, நூற்றிப்பத்து என்று போனது. நன்றாகத்தான் ஓட்டினான். நான் கதவுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். பாலத்தின் இணைப்பில் ஏறும்போது வலதுபக்கப் பின்மூலையில் "டொக்" என்றது.

"உது ஒரு கிழமையா இருக்கு மாமா" என்றான் ராகுலன். "றோட்டில ஒரே கிடங்கு. அதாலதான் போல."

"ம்" என்றேன். ஒரு கிழமை. ஒரு கிழமையாக அது பிய்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் போன் எடுத்துக் கேட்டேன், அவன் 'வந்திட்டன்' என்றான். 'சத்தம் ஏதும் கேக்குதோ' என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

பக்கத்தில் பெரிய ட்ரக் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் சில்லு என் தலையளவு உயரத்தில் சுழன்றது. இப்போது மடங்கினால் எங்கே போவோம் என்று கணக்குப் பார்த்தேன். அதற்குக் கீழேதான்.

நிலாணியின் போன் அடித்தது. தங்கை. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். நிலாணி வீடியோவைப் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"அண்ணா, கோயிலுக்கே போறியள்? உங்களை நினைச்சு நானும் இஞ்சை விளக்குக் கொளுத்தினனான். நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளையள் அங்கை என்ன செய்திருக்கும்!"

திரையின் மூலையில் என் முகமும் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏன் அண்ணா வேர்த்திருக்கு?"

"ஹீற்றர் கூடிப்போச்சு" என்றேன்.

"இந்தக் காரில ஹீற்றர் நல்லா வேலை செய்யும் அம்மா" என்று ராகுலன் பெருமையாகத் தாய்க்குச் சொன்னான்.

404 ஹைவேக்குத் திரும்புகிற வளைவு வந்தது. கார் சரிய, அர்ச்சனைத் தட்டிலிருந்து தேசிக்காய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. சில்லுகளுக்கு வைக்கக் கொண்டுவந்த நாலில் ஒன்று. இராஜேஸ்வரி குனிந்து தேடினாள். "கார்ப்பெற்றுக்குக் கீழ போட்டுது" என்று முனகிக்கொண்டு கார்ப்பெற்றைக் கிளப்பினாள்.

"விடும் ராஜி, போனாப் போகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கார்த் தாத்தா" என்றாள் கவிசா. "கீழ ஒரு அங்கிள் சிரிக்கிறார்."

இராஜேஸ்வரி இன்னும் கீழே குனிந்து பார்த்தாள்.

"உது எங்கட முன்வீட்டு போர்ட் எல்லோ?" என்றாள் இராஜேஸ்வரி.

"தூக்காதையும்! ராஜி, தூக்காதையும் எண்டுறன்!"

நான் கத்திய பிறகு எந்த மனிசிதான் தூக்காமல் இருப்பாள்? தூக்கினாள். குளிர்காற்றும் றோட்டின் இரைச்சலும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. சேற்றுத் தண்ணீர் அவளுடைய சேலையில் தெறித்தது. தேசிக்காய் உருண்டு ஓட்டைக்குள் போய் மறைந்தது.

"அம்மா! றோட் ஓடுது!" என்று கவிசா கை தட்டினாள். அவளுக்கு அது வேடிக்கை.

நிலாணி பிள்ளையின் நெஞ்சைக் கையால் அணைத்துப் பிடித்தாள். ராகுலன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கார் ஒருதரம் லேனை விட்டு ஆடி, திரும்பி நேராகியது. எங்களுக்குப் பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு ராகுலன் சிரித்தான்.

"பயந்திட்டன் மாமா! ஒரு சின்ன ஓட்டைதானே? எங்கட ஊர் பஸ்ஸில இதைவிடப் பெரிய ஓட்டையெல்லாம் இருக்கும், நாங்கள் காலைத் தூக்கி வச்சுக்கொண்டு போவம். மாமி, அந்த அங்கிளைத் திரும்ப வச்சு மூடிவிடுங்கோ. நான் நாளைக்கு ஒரு தகரம் வச்சு அடிக்கிறன்."

நிலாணியும் மூச்சு விட்டுச் சிரித்தாள். என்னை மன்னித்துவிட்டார்கள். நான் செய்தது தெரியாமலே மன்னித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்னும் பதினைந்து நிமிடத்தில் கோயில். ஐயர் மாலை போடுவார், நான் முன்னுக்கு நிற்பேன், ஆட்கள் பார்ப்பார்கள்.

இராஜேஸ்வரி சிரிக்கவில்லை. போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னந்தலைக்குச் சொன்னாள்.

"மாக்கஸ் உதையும் பாத்தவனோ?"

"பாத்தவன்" என்றேன்.

அந்த நேரத்திலும் வாயில் வந்தது பொய்தான். சொல்லி வாய் மூடவில்லை, பின்மூலையில் மறுபடியும் சத்தம். இந்தமுறை "டொக்" இல்லை. ஏதோ கிழிந்து, கொஞ்சம் இறங்கி, நின்றது. இராஜேஸ்வரி இருந்த பக்கம் ஒரு விரலளவு பதிந்ததை என் முதுகாலேயே உணர்ந்தேன். முள்ளு நூற்றி ஐந்தில் நின்றது. கவிசா பின்னால் "றோட் ஓடுது, றோட் ஓடுது" என்று பாடிக்கொண்டிருந்தாள்.

"ராகுலன்" என்றேன். "ஓட்டை இல்லையடா பிரச்சினை."

"என்ன மாமா?"

"பின் ஸ்பிறிங் ஊண்டுற இடம் உக்கிப்போச்சு. சில்லு மடங்கப்போகுது. மாக்கஸ் நவம்பரிலயே சொன்னவன், ஸ்க்ராப்புக்குப் போடச் சொல்லி. நான் துணி அடைச்சு, மேல கறுப்பு அடிச்சுப்போட்டு உனக்குத் தந்தனான். இப்ப ஒண்டும் கேக்காத. காலை மெதுவா எடு. பிறேக்கை இறுக்காத. வலதுபக்கம் போ. சிக்னலைப் போடு. பிஞ்ச் எக்ஸிற்றால இறங்கு."

அவன் சிக்னலைப் போட்டுக் காலை எடுத்தான். நூறு, எண்பது, அறுபது. ட்ரக்குகள் கத்திக்கொண்டு எங்களைக் கடந்து போயின. நிலாணி கவிசாவின் தலையைத் தன் நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டு "முருகா, முருகா" என்று மட்டும் சொன்னாள். இராஜேஸ்வரி பிள்ளையின் பக்கமாகச் சரிந்து, தன் பாரத்தை அந்த மூலையிலிருந்து எடுக்கப் பார்த்தாள். எக்ஸிற் வளைவில் பின்னாலிருந்து கர்ர்ர் என்று உரசும் சத்தம் தொடங்கியது. அது நிற்கவே இல்லை. சிவப்பு விளக்கில் நின்று, பச்சை வந்து, ஊர்ந்து ஊர்ந்து, கண்ணில் பட்ட முதல் பிளாசாவின் பார்க்கிங்குக்குள் கொண்டுபோய் நிறுத்தினான்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. முதலில் நிலாணிதான் அசைந்தாள். பிள்ளையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, இருபது முப்பது அடி தள்ளிப் போய் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை.

ராகுலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உப்பும் சேறுமாகக் கிடந்த நிலத்தில் முழங்காலை ஊன்றிக் காரின் அடியைப் பார்த்தான். கையை விட்டுத் தடவினான். கறுப்புத் தோல் உரிந்து வந்தது. அதற்குள் நான் அடைத்த துணியும் வந்தது. என்னுடைய பழைய சேர்ட். அதைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பினான்.

"நவம்பரிலயோ, மாமா?"

"ஓம்."

"அப்ப பொங்கலுக்கு முதலே."

"ஓம்."

சுருண்டு கிடந்த துணியை விரித்துப் பார்த்தான்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து 'வந்திட்டியோ' எண்டு கேட்டது இதுக்கோ?"

"ஓம்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மனைவியையும் பிள்ளையையும் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். பிறகு, சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"உள் றோட்டால மெதுவா ஓடினா இன்னும் ரெண்டு மாசம் நிக்குமோ, மாமா? நாளைக்கு ஆறு மணிக்கு வேலை. இவையளை ஏத்தமாட்டன். நான் தனியத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தொரு வயதில், பிளாசாவுக்கு நடுவில், சனம் பார்க்க அழுதேன். அவனும் நான் யோசித்த மாதிரியே யோசிக்கிறான். எனக்கு அப்படி யோசிக்க ஒரு தேவையும் இருக்கவில்லை, அவனுக்கு வேறு வழியில்லை, அதுதான் வித்தியாசம். "நிக்காது" என்றேன். "இனி ஒரு அடிகூட ஓடாது." அவன் கையிலிருந்து திறப்பைப் பறித்துக்கொண்டேன்.

மாக்கஸுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பிள்ளை உள்ளுக்க இருந்ததோ?"

"ஓம்."

"சரி அண்ணை. அட்ரஸைச் சொல்லுங்கோ, ஸ்க்ராப்காரனை அனுப்புறன். நான் இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் கராஜிலதான் நிப்பன்."

ட்ரக் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரமெல்லாம் இராஜேஸ்வரி என் பக்கத்தில் நின்றாள். கடைசியில் மட்டும் கேட்டாள்: "நான் சொன்னது சரியெண்டு ஒருக்காச் சொல்லுறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாயிருந்ததோ?" அவளுடைய சேலையில் றோட்டுச் சேறு காய்ந்துபோய் இருந்தது.

ட்ரக்காரன் முன்னால் கொக்கியை மாட்டிச் சங்கிலியால் சரிவுப் பலகையில் இழுத்தான். முன் சில்லுகள் ஏறின. பின் சில்லுகள் பலகையைத் தொட்டதும் துவக்குச் சத்தம்போல ஒரு வெடிப்பு. கார் வலதுபக்கம் அப்படியே குந்தியது. சில்லு உள்பக்கமாக மடங்கி வயிற்றுக்குக் கீழே போய்விட்டது.

"அம்மா, கார் குந்தி இருந்திட்டுது" என்றாள் கவிசா.

ராகுலன் அந்தச் சில்லைப் பார்த்தான். கண்ணை எடுக்காமல் நிறைய நேரம் பார்த்தான். ட்ரக்காரன், "குட் ரைமிங், பாஸ்" என்று சொல்லிவிட்டு இழுத்து ஏற்றிக்கொண்டு போனான்.

ஐந்து பேரும் கவிசாவின் குட்டி ஆசனத்தோடு ஒரு வான் ரக்ஸி பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தோம். தட்டில் மூன்று தேசிக்காய் இருந்தன. கவிசா மூன்றையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் ரக்ஸி போனதும் நான் உள்ளே ஓடி, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த புதுக்காரின் திறப்பை எடுத்து வந்தேன். தட்டமும் இல்லை, பூவும் இல்லை. முப்பது பேரும் இல்லை.

"இதை எடு தம்பி. நாளைக்கு வேலைக்கு இதில போ. இந்தக் கிழமையே உன்ர பேருக்கு மாத்தித் தாறன். நான் பஸ்ஸில போவன், எனக்குப் பழக்கம்."

ராகுலன் கையை நீட்டவில்லை. மூன்று மாதக் கார். உள்ளே இன்னும் பிளாஸ்ரிக் மணம் போகவில்லை. வாசலில் வெயிலுக்குப் பளபளவென்று நின்றது. அவன் அதன் மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அடியைப் பார்த்தான். நிமிர்ந்து, முன்பு பேசுகிற அதே மரியாதையோடுதான் சொன்னான்.

"மாக்கஸ் அண்ணையிட்ட ஒருக்காக் காட்டிட்டு எடுக்கிறன், மாமா."

"இது புதுக்கார் தம்பி" என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். "ஓம்" என்றேன். "இப்பவே காட்டுவம். ஏறுங்கோ."

அவன் ஏறவில்லை. கவிசாவின் குட்டி ஆசனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நீங்கள் கொண்டுபோங்கோ. பத்து நிமிச நடைதானே, நாங்கள் நடந்து வாறம்."

இராஜேஸ்வரி வீட்டில் நிற்க, நான் தனியே புதுக்காரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய நடைக்குச் சமமாக, மிக மெதுவாக ஓட்டினேன். மூன்று பேரும் நடைபாதையில், கரைந்த பனித் தண்ணீரை விலத்தி விலத்தி நடந்தார்கள். கவிசா என்னைக் கண்டு "கார்த் தாத்தா!" என்று கையை ஆட்டினாள். நிலாணி அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.